பேரரசு விழுந்த பிறகு, அது பெயர்த்துக்கொண்டு வந்த ஜனங்கள் என்ன ஆனார்கள்?

கோத்தகிரி_வாசகன்:

ஊட்டி செயின்ட் ஸ்டீபன் சர்ச்சுக்குள் போகிறவர்கள் ஒருமுறை அண்ணாந்து கூரையைப் பாருங்கள். அதைத் தாங்கும் பெரிய உத்தரங்கள் ஸ்ரீரங்கப்பட்டினத்தில் திப்பு சுல்தானின் அரண்மனையைப் பிரித்து மலையேற்றியவை. 1799 மே 4ஆம் தேதி திப்பு கோட்டைக்குள் சுடப்பட்டு விழுந்தார், அந்த வருஷமே நீலகிரி கிழக்கிந்தியக் கம்பெனி கைக்கு வந்தது, 1830ல் சர்ச் எழுந்தது. அந்தப் போரில் இருந்த ஆர்தர் வெல்லஸ்லிதான் பிற்பாடு வெலிங்டன் பிரபு ஆனார். குன்னூர் பக்கத்து ஜக்கதளா அவர் பெயரில் வெலிங்டன் ஆகி இன்றுவரை அப்படியே இருக்கிறது.

பள்ளிக்கூடத்தில் ரோம் ஏன் விழுந்தது, மொகலாயர் ஏன் விழுந்தார்கள், காரணம் ஐந்து எழுதுக என்று கேட்பார்கள், எழுதி மார்க் வாங்கிவிட்டு வந்துவிடுவோம். ராஜா என்ன ஆனான் என்று மட்டும்தான் அந்தக் கேள்வி கேட்கிறது. ஒரு சாம்ராஜ்யம் தன் வேலைக்காக எங்கிருந்தோ பிடுங்கி எங்கேயோ நட்ட மனிதர்கள் இருக்கிறார்களே, அது விழுந்த அன்றைக்கு அவர்கள் எங்கே போய் நின்றார்கள் என்று யாரும் கேட்பதில்லை. எனக்கு ஒரு பேரரசின் கொடுமையை அளக்க இதைவிட நேரான அளவு தெரியவில்லை. எத்தனை பேரைக் கொன்றது என்பது முதல் கணக்கு, எத்தனை பேரைக் கிளப்பிக்கொண்டு போனது என்பது இரண்டாவது, இந்த இரண்டாவது கணக்கு சாம்ராஜ்யம் செத்த பிறகும் முடிவதில்லை. திப்புவும் இதைச் செய்தவர்தான், 1784ல் மங்களூர்ப் பக்கத்துக் கனரா கத்தோலிக்கர்களைக் குடும்பம் குடும்பமாக ஸ்ரீரங்கப்பட்டினத்துக்கு ஓட்டிப்போனார், குடகர்களையும் விடவில்லை.

உலக வரலாறு தெரிந்தவர்கள் வாருங்கள். நம் மலையைப் பற்றித் தெரிந்தவர்கள் கட்டாயம் வாருங்கள்.

குன்னூர்_லோகோ:

அண்ணா, நீங்கள் சொல்வது எல்லாம் சரி, ஆனால் ஒரு பக்கத்தை மட்டும் பார்க்கிறீர்கள். எங்கப்பா குன்னூர் லோகோ ஷெட்டில் வேலை பார்த்து ரிட்டையர் ஆனவர். மேட்டுப்பாளையத்திலிருந்து குன்னூருக்கு 1899ல் ரயில் விட்டான், 1908ல் ஊட்டி வரைக்கும் கொண்டுபோனான். பல்சக்கரம் தண்டவாளத்துப் பல்லில் மாட்டி ஏறுகிற அந்த ஏற்பாட்டை இன்றைக்கும் நம் ஆட்கள் அதே முறையில்தான் ஓட்டுகிறார்கள், பர்லியாறு பக்கம் மழையில் மண் சரிந்தால் கடப்பாறையோடு இறங்குகிறார்கள். ரோடு, ஆஸ்பத்திரி, ஸ்கூல், உருளைக்கிழங்கு, தேயிலை எல்லாம் அவன் காலத்தில் வந்ததுதானே. கலெக்டர் சல்லிவன் இல்லாவிட்டால் ஊட்டி ஏது. ஊட்டி 200 கொண்டாடியபோது நம் அரசாங்கமே அவருக்குச் சிலை வைத்ததே.

அடிப்பதும் பிடிப்பதும் எல்லா ராஜாவும் செய்ததுதான். அவன் அடித்துவிட்டு ரயிலாவது விட்டுப் போனான்.

ஓய்வுபெற்ற_டீச்சர்:

உதகையில் வரலாறு எடுத்துக்கொண்டிருந்தேன், இந்த இழையைப் பார்த்ததும் எழுதாமல் இருக்க முடியவில்லை. கொஞ்சம் நீளும், பொறுத்துக்கொள்ளுங்கள்.

ஜனங்களைக் கிளப்பி நடுவதை ஓர் ஆட்சி முறையாகவே ஆக்கியவர்கள் என்றால் அசீரியர்களைத்தான் சொல்ல வேண்டும், இன்றைய இராக்கின் வடபகுதி. கி.மு. ஒன்பதாம் நூற்றாண்டில் அசுர்நசிர்பால் என்கிற ராஜா தன் கல்வெட்டில் எதிரிகளின் தோலை உரித்துச் சுவரில் போர்த்தியதையும் தலைகளைக் கோபுரமாக அடுக்கியதையும் தானே சொல்லிக்கொள்கிறான். எதிரி எழுதிய அவதூறு என்று தள்ளிவிட முடியாது, அவன் பெருமையாக வெட்டி வைத்தது. அதைப் படித்துவிட்டு அடுத்த ஊர்க்காரன் சண்டை போடாமலே கப்பம் கட்ட வேண்டும், அதற்காகத்தான் வெட்டினான். அதே ராஜா புது அரண்மனை கட்டி முடித்து 69,574 பேருக்குப் பத்து நாள் விருந்து வைத்ததையும் இன்னொரு கல்லில் எழுதியிருக்கிறான். அந்த எண்ணை மனதில் வைத்துக்கொள்ளுங்கள், கீழே வருகிறேன்.

பிறகு வந்த சனகெரிப் கி.மு. 701ல் யூதேயாவில் லாக்கிஷ் நகரத்தைப் பிடித்தான். அதைத் தன் அரண்மனைச் சுவரில் செதுக்க வைத்தான், அந்தக் கற்கள் இப்போது லண்டன் பிரிட்டிஷ் அருங்காட்சியகத்தில் இருக்கின்றன. ஒரு பக்கம் ஆட்களை நிர்வாணமாகக் கழுவேற்றியிருக்கிறார்கள். அதற்குப் பக்கத்திலேயே குடும்பங்கள் வரிசையாக நடந்து போகின்றன, மாட்டு வண்டியில் மூட்டை முடிச்சு, மூட்டை மேல் சின்னப் பிள்ளைகள். செதுக்கியவன் மாட்டின் விலா எலும்பைக்கூட விடவில்லை. கிளம்பிய அந்த ஜனங்கள் திரும்பி வந்ததாக எங்கேயும் தகவல் இல்லை.

கி.மு. 612ல் பாபிலோனியரும் மேதியரும் சேர்ந்து நினிவே நகரத்தைத் தரைமட்டமாக்கினார்கள். இருநூறு வருஷம் கழித்துக் கிரேக்கச் சிப்பாய் செனபோன் அந்த வழியாகப் படையோடு போகிறான், இடிந்த பெரிய மதிலைப் பார்த்து எழுதி வைக்கிறான், ஆனால் அது நினிவே என்பதே அவனுக்குத் தெரியவில்லை, வேறொரு பெயர் சொல்கிறான். உலகத்தையே நடுங்க வைத்த ஊரின் பெயர் அங்கே வழங்காமல் போயிருந்தது.

இப்போது அந்த எண். 1877 ஜனவரி 1ஆம் தேதி டெல்லியில் லிட்டன் பிரபு தர்பார் நடத்தி விக்டோரியாவைப் பேரரசியாக அறிவித்தார். சுமார் 68,000 பேருக்கு ஒரு வாரம் விருந்து. இரண்டாயிரத்து எழுநூறு வருஷ இடைவெளியில் இரண்டு ராஜ்யங்களின் பந்திக் கணக்கும் கிட்டத்தட்ட ஒன்றாக வந்து நிற்கிறது. அந்த வாரம் சென்னை மாகாணத்தில் தாது வருஷப் பஞ்சம் நடந்துகொண்டிருந்தது, சேலத்திலும் பெல்லாரியிலும் ஜனங்கள் ரோட்டோரம் செத்துக்கொண்டிருந்தார்கள். 1876 முதல் 1878 வரை பிரிட்டிஷ் நேரடியாக ஆண்ட பகுதிகளில் மட்டும் 55 லட்சம் பேர் என்பது பொதுவாகச் சொல்லப்படும் கணக்கு. நிவாரண வேலைக்கு வந்தவனுக்கு என்ன கூலி என்று ரிச்சர்ட் டெம்பிள் என்கிற அதிகாரி நிர்ணயித்தார், நாளுக்கு ஒரு பவுண்டு தானியமும் கொஞ்சம் சில்லறையும். ஒரு பவுண்டு என்றால் அரைக்கிலோகூட இல்லை, அதை வாங்கிக்கொண்டு நாள் முழுக்கக் கல் உடைக்க வேண்டும், மண் சுமக்க வேண்டும். இதே டெம்பிள் 1874ல் பீகார் பஞ்சத்தில் பர்மாவிலிருந்து அரிசி வரவழைத்துச் சாவைப் பெரிய அளவில் தடுத்தவர். ஏன் இவ்வளவு செலவு செய்தாய் என்று மேலிடம் திட்டியது, அடுத்த பஞ்சத்துக்கு அவர் கையை இறுக்கிக்கொண்டார். கொடுமைக்கு ராட்சசன் தேவையில்லை, மேலதிகாரியிடம் நல்ல பெயர் வாங்க நினைக்கிற ஆள் போதும்.

நம் மலைக்கு வாருங்கள். ஊட்டி தாவரவியல் பூங்காவுக்கு மேலே இன்று ராஜ்பவன் என்கிறோமே, அந்த மாளிகை பக்கிங்ஹாம் கோமகன் கவர்னராக இருந்தபோது 1877ல் தொடங்கியது, இங்கிலாந்தில் அவர் குடும்ப மாளிகையின் சாயலில். பஞ்சமும் மாளிகையும் ஒரே வருஷம். பஞ்ச நிவாரண ஆட்களை வைத்து ஆழப்படுத்தி நீட்டிய கால்வாய்க்குத்தான் சென்னையில் பக்கிங்ஹாம் கால்வாய் என்று பெயர்.

குன்னூர் தம்பி, ரயிலை நான் மறுக்கவில்லை. சல்லிவனைப் பற்றி ஒன்று சொல்கிறேன். 1819ல் கோயம்புத்தூர் கலெக்டராக இங்கே ஏறியவர், கன்னேரிமுக்கில் பங்களா கட்டியவர், இந்த மலையின் பூர்வகுடிகளான தோடர்களுக்கு நில உரிமை உண்டு என்று மேலிடத்தோடு வாதாடியவர். மனைவியையும் மகளையும் இந்த மண்ணில் புதைத்துவிட்டுப் போனவர். சென்னை வருவாய் வாரியத்துக்குத் தலைவராக இருந்த அவரே பிற்பாடு, எங்கள் ஆட்சி பஞ்சு மாதிரி, கங்கைக் கரையில் இருக்கும் நல்லதையெல்லாம் உறிஞ்சித் தேம்ஸ் கரையில் பிழிகிறது என்று வெளிப்படையாகச் சொன்னார். கணக்குப் புத்தகத்தை உள்ளே உட்கார்ந்து பார்த்த ஆள் சொன்ன வார்த்தை. சிலைக்குக் கீழே பொறிக்க வேண்டியது அதுதான் என்பது என் அபிப்பிராயம்.

பொன்னியின்_பிள்ளை:

டீச்சர், அருமையான பதிவு. ஆனால் ஒரு விஷயம். அசீரியன், ரோமன், வெள்ளைக்காரன் இவர்களோடு நம் சோழர்களை ஒருபோதும் சேர்க்கக்கூடாது. ராஜேந்திர சோழன் 1025ல் கடல் கடந்து கடாரம் வரை போனான், ஆனால் அங்கே உட்கார்ந்து யாரையும் உறிஞ்சவில்லை. கோயில் கட்டினார்கள், ஏரி வெட்டினார்கள், ஊர்ச்சபை வைத்தார்கள். நம் பேரரசு வேறு மாதிரி.

கோத்தகிரி_வாசகன்:

தம்பி, எனக்கும் தஞ்சைப் பெரிய கோயில் முன்னால் நின்றால் நெஞ்சு நிமிரும். அதற்காகக் கல்வெட்டைப் பாதி படித்துவிட்டு மூடிவிட முடியாது. 1007ல் சாளுக்கியன் சத்யாசிரயன் ஹொட்டூரில் ஒரு கல்வெட்டு வைத்தான். சோழப்படை தன் நாட்டைச் சூறையாடியது, பெண்களையும் பிள்ளைகளையும் பிராமணர்களையும் கொன்றது என்று அதில் இருக்கிறது. எதிரி எழுதியது, ஒன்பது லட்சம் படை என்று கூட்டித்தான் எழுதியிருப்பான், ஒப்புக்கொள்கிறேன். ஈழத்தில் ராஜா ஐந்தாம் மகிந்தனை 1017ல் பிடித்து இங்கே கொண்டுவந்தார்கள், அவன் பன்னிரண்டு வருஷம் கழித்துச் சோழநாட்டிலேயே செத்தான். அவன் மணிமுடியையும் ராணிகளின் மணிமுடியையும் கைப்பற்றியதை ராஜேந்திரன் மெய்க்கீர்த்தியே பாடுகிறது.

தஞ்சாவூருக்கு என்ன ஆயிற்று? 1219 வாக்கில் மாறவர்மன் சுந்தரபாண்டியன் தஞ்சையையும் உறந்தை என்கிற உறையூரையும் தீக்கிரையாக்கினான், அதை அவன் மெய்க்கீர்த்தியே பெருமையாகச் சொல்கிறது. எரித்தவனும் தமிழ் ராஜா, எரிந்ததும் தமிழ் ஊர். அங்கே குடிசை போட்டிருந்த உழவனுக்கும் தறிக்காரனுக்கும் இது நம் பேரரசு என்கிற ஆறுதல் கிடைத்திருக்குமா? 1279க்குப் பிறகு சோழன் பெயரில் கல்வெட்டே இல்லை.

பொன்னியின்_பிள்ளை:

அண்ணா, கோபம் இல்லை. ஆனால் எல்லோரையும் ஒரே தட்டில் வைத்தால் வெள்ளைக்காரன் தப்பித்துக்கொள்வான் என்பதுதான் என் கவலை. சோழன் அடித்த கொள்ளை இங்கேயே செலவானது, லண்டனுக்குப் போகவில்லை. அது வித்தியாசம்தானே?

ஓய்வுபெற்ற_டீச்சர்:

வித்தியாசம்தான் தம்பி, அந்தக் கேள்வியை விட்டுவிடாதீர்கள். கொள்ளை போனவன் பக்கம் நின்று பார்த்தால் அந்த வித்தியாசம் சின்னதாகத் தெரியும், அவ்வளவுதான் நான் சொல்வேன்.

அசோகரை நாம் சாந்தமூர்த்தியாகவே படிக்கிறோம். அவருடைய 13ஆம் பாறைக் கல்வெட்டு கலிங்கத்தில் ஒரு லட்சம் பேர் கொல்லப்பட்டார்கள், ஒன்றரை லட்சம் பேர் பிடித்துப் போகப்பட்டார்கள், அதைப்போல் பல மடங்கு செத்தார்கள் என்கிறது. வருத்தப்படுகிறேன் என்றும் எழுதியிருக்கிறார், உலகத்தில் வேறெந்த ராஜா அப்படி எழுதினான், அதற்காக அவரை மதிக்கிறேன். ஆனால் பிடித்துப்போன ஒன்றரை லட்சம் பேரைத் திருப்பி அனுப்பினேன் என்று ஒரு வரி அதில் இல்லை. அந்தக் கல்வெட்டு கலிங்கத்திலேயே வைக்கப்படவும் இல்லை, தௌலியில் அதற்குப் பதில் வேறு வாசகம் இருக்கிறது. அதே 13ஆம் கல்வெட்டில் காட்டு ஜனங்களுக்கு ஓர் எச்சரிக்கை உண்டு, மனம் வருந்தினாலும் தண்டிக்கும் பலம் என்னிடம் இருக்கிறது என்று. மலையில் இருக்கிற நாம் அந்த இடத்தைக் கொஞ்சம் நிறுத்திப் படிக்க வேண்டும்.

கேத்தி_ஹட்டி:

மலை ஜனங்கள் என்றதும் எழுதுகிறேன். நாங்கள் படகர், மைசூர்ப் பக்கத்திலிருந்து அங்கே ஆண்டவர்களின் தொல்லைக்குத் தப்பி மேலே ஏறி வந்தவர்கள் என்றுதான் பாட்டிமார் பாட்டில் வருகிறது. 1565ல் தலைக்கோட்டையில் விஜயநகரம் விழுந்த பின் வந்த குழப்பத்தோடு இதை முடிச்சுப் போடுகிறவர்கள் உண்டு. பேரரசு எழும்போது ஒரு கூட்டம் ஓடுகிறது, விழும்போது இன்னொரு கூட்டம் ஓடுகிறது.

தோடர்கள் பெயர் கல்வெட்டில் வருவதே ஒரு சண்டைச் செய்தியில்தான். 1117ல் ஹொய்சள ராஜா விஷ்ணுவர்த்தனனின் தளபதி புனிசன் தோடர்களை நடுங்க வைத்தான் என்று. எருமை மேய்த்துக்கொண்டு மந்து என்கிற தங்கள் குடியிருப்பில் இருந்தவர்களை நடுங்க வைத்ததை ஒரு வீரம் என்று கல்லில் வெட்டியிருக்கிறார்கள்.

அப்புறம் எங்கள் கேத்தியைப் பற்றி வெளியூர்க்காரர்களுக்குத் தெரியாத ஒன்று. தென்னாப்பிரிக்காவில் குடியேறிய டச்சு வம்சத்தவரான போயர்களோடு வெள்ளைக்காரன் சண்டை போட்டபோது பிடிபட்டவர்களைக் கப்பலேற்றிக் கேத்தியில் முகாம் போட்டு அடைத்தார்கள். அதே சமயம் அங்கே அவர்கள் வீட்டுப் பெண்களையும் பிள்ளைகளையும் முள்வேலி முகாம்களில் போட்டார்கள், அதில் சுமார் 28,000 பேர் செத்தார்கள், பெரும்பாலும் குழந்தைகள். கறுப்பின மக்களுக்குத் தனி முகாம்கள், அங்கேயும் ஆயிரக்கணக்கில் சாவு, அதை ரொம்ப நாள் யாரும் எண்ணவேயில்லை. போயர்கள் மட்டும் நல்லவர்களா, அவர்கள் பின்னால் கறுப்பர்களுக்குச் செய்தது உலகம் அறிந்தது.

நடுவட்டத்தில் சீனக் கைதிகள். மலாக்கா ஜலசந்தி ஊர்களில் தண்டனை பெற்றவர்களைச் சென்னை மாகாணத்துக்கு அனுப்பி, அங்கிருந்து சிங்கோனா தோட்ட வேலைக்கு மலையேற்றினார்கள். தண்டனை முடிந்து சிலர் இங்கேயே தமிழ்ப் பெண்களைக் கட்டிக்கொண்டு குடியிருந்தார்கள், பிற்பாடு தர்ஸ்டன் என்கிற அதிகாரி அந்தப் பிள்ளைகளின் தலையையும் மூக்கையும் அளந்து எழுதி வைத்தார். அவர்கள் நட்ட சிங்கோனாவின் பட்டையிலிருந்து கொய்னா. மலேரியாவுக்கு அந்த மருந்து இருந்ததால்தான் ஐரோப்பியர் பட்டாளங்கள் ஆப்பிரிக்கக் காடுகளுக்குள் உயிரோடு போய்வர முடிந்தது.

குன்னூர்_லோகோ:

டீச்சர், கேத்தி அண்ணா, இரண்டு பேர் எழுதியதையும் அப்பாவுக்குப் படித்துக் காட்டினேன். அவர் சொன்னது: ரயில் அவன் விட்டதுதான், ஆனால் பாறையை உடைத்தவன் கீழ்நாட்டு ஆள், சுரங்கம் பதினாறிலும் அவன் வேர்வைதான் இருக்கிறது, அவன் பேர் எங்கேயும் எழுதியில்லை. அதை ஒத்துக்கொள்கிறேன். மேட்டுப்பாளையத்துப் பக்கம் சிறுமுகையிலிருந்து கோத்தகிரிக்கு சல்லிவன் காலத்தில் போட்ட முதல் ரோடும் ஜெயில் கைதிகளைக் கொண்டு போட்டதுதானாம். ஆனாலும் ரயில் எனக்குப் பெருமைதான், எங்கப்பா அதை ஓட வைத்தார். இந்த இரண்டையும் ஒன்றாக வைத்துக்கொள்ள முடியாதா?

ஒரு கேள்வி. இவ்வளவு பலம் இருந்தும் இவர்கள் ஏன் விழுகிறார்கள்? அதையும் சொல்லுங்கள்.

ஓய்வுபெற்ற_டீச்சர்:

அப்பாவுக்கு என் வணக்கம் சொல்லுங்கள். வைத்துக்கொள்ளலாம் தம்பி, தாராளமாக.

விழுவதற்கு ஒரே காரணம் சொல்கிற புத்தகத்தை நான் நம்புவதில்லை. திரும்பத் திரும்பக் கண்ணில் படுவது இது. படையை வைத்துப் பிடித்த நிலத்தைப் படையை வைத்தேதான் காக்க வேண்டியிருக்கிறது, அந்தச் செலவு ஒரு நாளும் குறைவதில்லை, வரவு மட்டும் குறைந்துகொண்டே வரும். ரோமில் அகஸ்டஸ் காலத்து தினாரியஸ் கிட்டத்தட்ட முழு வெள்ளி, கி.பி. 260களின் கடைசியில் வெள்ளிக்காசு என்று அடித்ததில் நூற்றுக்கு ஐந்து பங்குகூட வெள்ளி கிடையாது, மேல் பூச்சுதான். சிப்பாய்க்குச் சம்பளம் கொடுக்கக் காசைக் கலப்படம் செய்தார்கள், விலைவாசி ஏறியது. ஸ்பெயின்காரன் தென்னமெரிக்காவின் பொட்டோசி மலையில் அந்த ஊர்ப் பூர்வகுடிகளைக் கட்டாய வேலைக்கு இறக்கிக் கப்பல் கப்பலாக வெள்ளி அள்ளினான், அப்படியும் 1557, 1575, 1596 என்று பல முறை கடனைக் கட்ட முடியாமல் கைவிரித்தான். அத்தனையும் சண்டைக்குப் போனது.

இதைவிட எனக்கு முக்கியமாகப் படுவது ரோமின் இன்னொரு சம்பவம். 376ல் ஹூணர்களுக்குத் தப்பி கோத்தியர் குடும்பம் குடும்பமாக டான்யூப் ஆற்றங்கரைக்கு வந்து அடைக்கலம் கேட்டார்கள். உள்ளே விட்டார்கள், ஆனால் சோறு போட வேண்டிய ரோமானிய அதிகாரிகள் நாய்க்கறியை விற்றார்கள், விலையாகக் கோத்தியர்களின் பிள்ளைகளை அடிமையாக வாங்கிக்கொண்டார்கள். ரோமானியப் பட்டாளத்து ஆளான அம்மியானஸே இதை எழுதி வைத்திருக்கிறார். இரண்டே வருஷம், 378ல் ஏட்ரியனோப்பிளில் அதே கோத்தியர் ரோமானியப் படையை அழித்துப் பேரரசன் வாலன்ஸையும் கொன்றார்கள். 410ல் ரோம் நகரமே சூறை. அகதிக்கு ஒழுங்காகச் சோறு போட்டிருந்தால் வரலாறு எப்படிப் போயிருக்கும் என்று வகுப்பில் பிள்ளைகள் கேட்பார்கள். நான் விவாதிக்க விட்டுவிடுவேன்.

பிரிட்டிஷ்காரன் கதையில் கணக்குதான் கடைசியில் பேசியது. இரண்டாம் உலகப்போர் முடிந்தபோது அவன் இந்தியாவுக்கே சுமார் 130 கோடி பவுண்டு பாக்கி வைத்திருந்தான், அமெரிக்காவிடம் 1946ல் கடன் வாங்கினான். அந்தப் போர்க் காலத்தில்தான் 1943 வங்காளப் பஞ்சம், சுமார் 30 லட்சம் பேர். 1956ல் எகிப்தின் சூயஸ் கால்வாய்ச் சண்டையில் அமெரிக்கா கண்ணை உருட்டியதும் பின்வாங்கினான், அதோடு ஆட்டம் முடிந்தது.

மேல்மலை_விவசாயி:

நான் பழனிமலைக்காரன், கொடைக்கானலுக்கு மேலே. எங்கள் பக்கம் பெரிய சண்டைக் கதை கிடையாது. அமெரிக்க மிஷனரிகள் 1845ல் வந்து வீடு கட்டினார்கள், மதுரைக் கலெக்டராக இருந்த லெவிஞ்சு 1863ல் ஏரி உண்டாக்கினார், இன்றைக்கு டூரிஸ்ட் படகு விடுகிறார்கள். ஆனால் புல்வெளியிலும் சோலையிலும் வாட்டில், தைலமரம், பைன் என்று நட ஆரம்பித்தார்களே, அது சுதந்திரத்துக்குப் பிறகும் நிற்கவில்லை, நம் ஆட்களே இன்னும் அதிகமாக நட்டார்கள். இப்போது எங்கள் ஓடையில் கோடைக்குத் தண்ணீர் இல்லை. ஒரு பேரரசின் பழக்கம் அதன் கொடியோடு இறங்குவதில்லை.

இந்த இழைக்கு வந்த காரணம் வேறு. இலங்கையிலிருந்து தாயகம் திரும்பியவர்களில் ஒரு பகுதி எங்கள் மலையில் மரம் வெட்டும் ஒப்பந்தக்காரர்களிடம் வந்து சேர்ந்தார்கள். முன்பணம் என்று கொஞ்சம் கொடுத்துக் காட்டுக்குள் கொண்டுபோய்விடுவார்கள், வாட்டில் பட்டை உரிக்க வேண்டும், குடிசையும் காட்டுக்குள்தான், கடன் அடையவே அடையாது. 1980களில்தான் கொத்தடிமை என்று சொல்லி அவர்களை மீட்கிற வேலை நடந்தது. நான் சின்னப் பையன், அவர்கள் சந்தைக்கு வந்தால் கூடவே ஒரு ஆள் காவலுக்கு வருவான். அந்த ஆள் அவர்கள் வாங்கும் அரிசியைக்கூட நின்று பார்ப்பான்.

கூடலூர்_பேத்தி:

மேல்மலை அண்ணா, இதை யாராவது எழுதுவார்களா என்றுதான் முதல் பதிவிலிருந்து பார்த்துக்கொண்டிருந்தேன். நான் அந்தக் குடும்பம்தான், கூடலூர்.

டீச்சர் எழுதிய தாது வருஷப் பஞ்சம் எங்கள் வீட்டில் புத்தகத்து விஷயம் கிடையாது. எங்கள் ஆட்கள் அந்தப் பஞ்சத்தில் தோட்டத்துக்கு ஆள் சேர்க்கும் கங்காணியின் பின்னால் இலங்கைக்குப் போனவர்கள் என்று அம்மாயி சொல்லும். கங்காணி வழிச்செலவு கொடுப்பார், தோட்டத்தில் இறங்கும்போதே அது கடன். ஒரு தோட்டத்தை விட்டு இன்னொன்றுக்குப் போக வேண்டுமானால் இவ்வளவு கடன் என்று எழுதிய துண்டு கையில் இருக்க வேண்டும், புதுத் தோட்டம் அந்தக் கடனைக் கட்டி ஆளை எடுக்கும். ஆள் போவதற்குப் பதில் கடன்தான் தோட்டம் மாறியது. காப்பிச் செடியில் 1869ல் நோய் விழுந்தது, துரைகள் தேயிலைக்கு மாறினார்கள், எங்கள் ஆட்கள் லயம் என்கிற அதே வரிசை வீட்டில் இருந்துகொண்டு தேயிலைக்கு மாறினார்கள்.

வாசகன் அண்ணா கேட்டாரே, பேரரசு விழுந்த அன்றைக்கு எங்கே போய் நின்றார்கள் என்று. 1948 பிப்ரவரியில் இலங்கைக்குச் சுதந்திரம். அதே வருஷம் குடியுரிமைச் சட்டம், அதில் எங்கள் ஆட்கள் லட்சக்கணக்கில் நாடற்றவர்கள் ஆனார்கள். வெள்ளைக்காரன் இறங்கிப் போய்விட்டான், கூட்டிப்போன ஆட்களைப் பற்றி அவனும் பேசவில்லை. 1964ல் இலங்கைப் பிரதமர் சிறிமாவோவும் இந்தியப் பிரதமர் சாஸ்திரியும் ஒப்பந்தம் போட்டார்கள். மொத்தம் 9,75,000 பேர், அதில் 5,25,000 இந்தியாவுக்கு, 3,00,000 இலங்கைக்கு, பாக்கி 1,50,000 பேரைப் பிறகு பார்த்துக்கொள்ளலாம் என்று விட்டு, 1974ல் ஆளுக்குப் பாதியாகப் பிரித்தார்கள். இதில் எங்களிடம் யாரும் கேட்கவில்லை. தாத்தாவுக்கு இந்தியா, அவர் தங்கச்சிக்கு இலங்கை. தலைமன்னாரில் கப்பல் ஏறும்போது பார்த்ததுதான், அப்புறம் கடிதம் மட்டும்.

ராமேஸ்வரத்தில் இறங்கி மண்டபம் முகாம். அங்கே ஒரு குடும்ப அட்டை, அதன் மேல் எங்கே வேலை என்று எழுதியிருக்கும். நீலகிரியில் தாயகம் திரும்பியோருக்கென்றே அரசு தேயிலைத் தோட்டம் போட்டது, காட்டை வெட்டி, சரிவில் குழி எடுத்து, நட்டதெல்லாம் அவர்கள்தான். தாத்தாவுக்குப் பிரட்டு என்கிற தோட்டத்துக் காலை ஆள் கணக்குக்குப் போகிற பழக்கம் சாகும்வரை விடவில்லை, ரிட்டையர் ஆன பிறகும் விடியற்காலையில் எழுந்து சட்டை போட்டுவிடும்.

இங்கேயும் நாங்கள் சிலோன்காரங்கதான். எனக்குக் கல்லூரி சேரச் சாதிச் சான்று வேண்டியிருந்தது. ஓர் அலுவலகத்தில், உங்கள் தாத்தா இந்தியாவில் எந்தக் கிராமம், அங்கே போய் வாங்கி வா என்றார்கள். நூறு வருஷத்துக்கு முந்தி பஞ்சத்தில் கிளம்பியவர்கள், துறையூர்ப் பக்கம் என்று மட்டும் அம்மாயிக்குத் தெரியும். அந்த வருஷம் நான் சேரவில்லை.

பொன்னியின் பிள்ளை அண்ணா, நீங்கள் கேட்ட வித்தியாசத்தை நான் தப்பு என்று சொல்லமாட்டேன். ஆனால் ராஜேந்திரன் ஈழம் வென்றதை எங்கள் காலேஜில் பையன்கள் கைதட்டிப் பேசும்போது எனக்குக் கைதட்ட வராது.

பொன்னியின்_பிள்ளை:

தங்கச்சி, இரண்டு முறை படித்தேன். அந்த ஊரில் இருந்த சாதாரண சனத்தைப் பற்றி நான் இதுவரை யோசித்ததில்லை. சோழர் மேல் எனக்கு இருக்கும் பிரியம் போகாது, ஆனால் ஹொட்டூர்க் கல்வெட்டைத் தேடிப் படிக்கிறேன்.

இன்றைக்கு அந்த ஜனங்கள் எல்லோருக்கும் குடியுரிமை வந்துவிட்டதா?

கூடலூர்_பேத்தி:

இலங்கையில் மீதி இருந்தவர்களுக்கு 2003ல் ஒரு சட்டம் போட்டு அநேகமாக முடித்தார்கள். 1948லிருந்து கணக்குப் போட்டால் 55 வருஷம்.

இங்கே முடியவில்லை அண்ணா. 1983 கலவரத்துக்குப் பிறகு ஓடிவந்தவர்களில் மலையகத்து ஆட்களும் உண்டு. ஒப்பந்தப்படி வந்தவர்களாக அவர்களைச் சேர்க்கவில்லை, அகதியாகப் பதிந்தார்கள். இந்திய வம்சாவளி என்று தெரிந்தும் குடியுரிமை இல்லை. 2019ல் சென்னை உயர்நீதிமன்ற மதுரைக் கிளையில் அப்படி 65 பேர் போட்ட வழக்கில், அவர்கள் கோரிக்கையை அரசு பரிசீலிக்க வேண்டும் என்று தீர்ப்பு வந்தது. முகாமில் பிறந்து முகாமில் கல்யாணம் கட்டியவர்களுக்கு இன்னும் காகிதத்தில் நாடு இல்லை.

இதைப் படிக்கிறவர்களில் எங்கள் மாதிரிக் குடும்பம் யாராவது இருந்தால் ஒன்று கேட்கிறேன். பெரியவர்கள் டிரங்குப் பெட்டியில் மண்டபம் குடும்ப அட்டை, பழைய இந்தியக் கடவுச்சீட்டு, தோட்டத்துப் பேர்ச்சீட்டு எது இருந்தாலும் கிழிந்துவிட்டது என்று எறிந்துவிடாதீர்கள். இரண்டு பக்கமும் போட்டோ எடுத்து வையுங்கள், பெரியவர்களிடம் ஊர்ப் பெயரையும் கங்காணி பெயரையும் கேட்டு ஒரு நோட்டில் எழுதி வையுங்கள். சான்றுக்கு மனுப் போடும்போது முதலில் கேட்பது இவைதான். எப்படி மனு எழுதுவது என்று தெரியவில்லை என்றால் இங்கேயே கேளுங்கள், நான் எழுதித் தருகிறேன்.